ஆம்ப்ளிஃபயரின் வலப்பக்கம்

அந்த வீட்டின் முன்னறையில் இரண்டு இயந்திரங்கள் குடியிருந்தன. ஒன்று தையல்காரருடைய தையல் மெஷின். மற்றது அவர் மனைவியின் ஆம்ப்ளிஃபயர். இரண்டும் சத்தம் போடுகிற ஜாதி. ஒரே அறையில் இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இத்தனை வருஷம் சண்டையில்லாமல் குடித்தனம் நடத்தினார்கள் என்றால் அதற்கு அன்பு, பொறுமை என்றெல்லாம் காரணம் சொல்லத் தேவையில்லை. ஒரு ஹெட்ஃபோன் இருந்தது, அவ்வளவுதான்.

மனைவி லிஃப்ட் மெக்கானிக். தெருவுக்கு அவள் லிஃப்ட்டக்கா. அவளைவிட வயதில் மூத்தவர்களும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். தையல்காரரே ஒரு தடவை கோபத்தில் அப்படிக் கூப்பிட்டுவிட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். காலையில் நீலக் கால்சட்டையும் தடித்த பூட்ஸுமாக அவள் படியிறங்கிப் போகும்போது தையல்காரர் ஜன்னலில் நின்று பார்ப்பார். பார்க்கவில்லை என்று நினைத்துக்கொள்ளும்படி கையில் ஊசியும் நூலும் வைத்திருப்பார். அந்தக் கால்சட்டை அவர் தைத்ததுதான். கம்பெனி கொடுத்த அளவில் எந்தப் பெண்ணுக்கும் அது பொருந்தாது என்று பிரித்துத் திரும்பத் தைத்துக் கொடுத்திருந்தார். அதில் அவருக்கு ஒரு பெருமை.

அவள் வேலை கூண்டின் மேலே. நாமெல்லாம் லிஃப்ட்டுக்கு உள்ளே நிற்கிறோம். அவள் அதன் தலைமேல் நிற்பாள். இருட்டில், கம்பிவடங்களுக்கு நடுவே, மெல்ல ஏறி மெல்ல இறங்குவாள். கண்ணால் பார்ப்பதைவிடக் காதால் கேட்பதுதான் அதிகம். ஒரு முறை ஏறி இறங்கினால் போதும். மூன்றாவது மாடிக் கதவில் உருளை தேய்ந்திருக்கிறது, பிரேக் பட்டை ஒரு பக்கம் மட்டும் பிடிக்கிறது என்று சொல்லிவிடுவாள். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும். இதைத் தையல்காரர் துணி தைக்க வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். கை அளவு எடுக்கும்போது ஆரம்பித்தால் இடுப்பு அளவு முடிந்தாலும் முடியாது.

அவளுக்கு வேலையில் ஒரே ஒரு மந்திரம் உண்டு. மாற்றிப் போட்டுப் பார். ஒரே மாதிரி இரண்டு சாமான் இருந்து அதில் ஒன்று கோளாறு என்றால், இரண்டையும் இடம் மாற்றிப் போடு. கோளாறும் கூடவே இடம் மாறினால் குற்றம் அந்தச் சாமானில். கோளாறு இருந்த இடத்திலேயே இருந்தால் குற்றம் வேறெங்கோ. இதை அவள் லிஃப்ட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. அடுப்பில் ஒரு பர்னர் சரியாக எரியாவிட்டாலும் மாற்றிப் போடுவாள். கட்டிலில் கிரீச் கிரீச் என்று ஏதோ சத்தம் வருகிறது, தூங்க முடியவில்லை என்று ஒரு சமயம் அவள் புகார் சொன்னாள். கட்டில்தான் என்று தையல்காரர் சத்தியம் செய்தார். அவள் இருவரும் படுக்கும் பக்கத்தை மாற்றினாள். சத்தமும் தையல்காரரோடேயே இந்தப் பக்கம் வந்துவிட்டது. அதற்கப்புறம் அவர் அந்த மந்திரத்தை எதிர்த்துப் பேசியதில்லை.

ஆம்ப்ளிஃபயர் வந்த கதை இது. ஒரு பழைய ஓட்டலை இடிப்பதற்கு முன் அதன் லிஃப்ட்டைக் கழற்றப் போயிருந்தாள். நடன அறையின் மூலையில் உடைந்த நாற்காலிகளுக்கு அடியில் அது கிடந்தது. வெள்ளி நிற முகம், மரப் பெட்டி, இரும்பில் கடைந்த குமிழ்கள். பக்கத்தில் இரண்டு ஸ்பீக்கர், ஒரு கேசட் பெட்டி. குப்பைக்குத்தான் போகிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள் என்றார் ஓட்டல்காரர். கூட வேலை செய்கிறவன் ஒரு பக்கம், இவள் ஒரு பக்கம் பிடித்து மூச்சுவாங்கத் தூக்கி வந்தார்கள். நெல்மூட்டை மாதிரி கனம். தூசு தட்டி, உள்ளே ஊதி, கரண்ட் கொடுத்ததும் பெட்டிக்குள் 'டொக்' என்று ஒரு சத்தம் வந்தது. அதைக் கேட்டு அவள் சிரித்த சிரிப்பைத் தையல்காரர் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

முதல் வாரம் ஸ்பீக்கரில் கேட்டாள். அந்த வாரம் தையல்காரர் ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்தார். வந்தவர்கள் அளவைக் கத்திச் சொன்னார்கள். இவர் மெஷினை மிதித்தால் அவள் முகம் சுளிப்பாள். அவள் கேசட்டைப் போட்டால் இவருக்கு நூல் அறுந்துபோகும். கல்லூரி முடித்து வேலைக்குப் போய்க்கொண்டிருந்த மகள் இரண்டு பேரையும் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டு தன்னுடைய ஹெட்ஃபோனைக் கொண்டுவந்து கொடுத்தாள்.

அது கைபேசிக்கென்று செய்த சின்ன ஹெட்ஃபோன். ஆம்ப்ளிஃபயரின் பெரிய துளைக்கு அதன் சின்ன முள் பொருந்த ஒரு இணைப்பானும் வாங்கிவந்தார்கள். மாட்டிக் கேட்டவள் உடனே கழற்றினாள்.

"நல்லா இல்லையாம்மா?" என்றாள் மகள்.

"டிரம் மட்டும் வீங்கிப்போய்க் கெடக்கு. பின்னாடி 'உஸ்'னு ஒரே எரைச்சல். குமிழை ஒரு மயிரிழை திருப்பினாலே காது பிச்சுக்குது. அதுவும் மொதல்ல இடது பக்கம்தான் வருது, வலது பக்கம் நிதானமா யோசிச்சு வருது."

வேறு யாராக இருந்தாலும் அத்தோடு விட்டிருப்பார்கள். அவள் மூடியைக் கழற்றினாள். அந்தக் காலத்துப் பெட்டியில் ஹெட்ஃபோனுக்கென்று தனி ஏற்பாடு எதுவும் கிடையாது. ஸ்பீக்கருக்குப் போகிற சக்தியையே ஒரு ரெசிஸ்டர் வைத்துத் தணித்து அந்தத் துளைக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க அந்தக் காலத்து ஹெட்ஃபோனால்தான் முடியும். பழைய சாமான் கடைகளில் அலைந்து ஒன்றைப் பிடித்துவந்தாள். ஒரு செங்கல் கனம். தொலைபேசி வயர் மாதிரி சுருள் சுருளாக வயர். அதைப் போட்டதும் இரைச்சல் அடங்கியது, டிரம் தன் இடத்துக்குப் போய் உட்கார்ந்தது, குமிழும் பாதி தூரம் தாராளமாகத் திரும்பியது.

அன்றிலிருந்து சாயங்காலம் வேலை முடிந்து கைகால் கழுவி வந்ததும் அவள் ஆம்ப்ளிஃபயர் முன் தரையில் உட்கார்ந்துவிடுவாள். பாட்டு இல்லாத, வாத்தியங்கள் மட்டும் வாசிக்கிற கேசட்டுகள்தான் அவளுக்குப் பிடிக்கும். கண்ணை மூடிக்கொள்வாள். சில சமயம் கை மட்டும் காற்றில் நீண்டு ஓரிடத்தைக் காட்டும். அங்கே யாரோ நிற்பதுபோல. தையல்காரர் மெஷினை மிதித்துக்கொண்டே அதைப் பார்ப்பார். என்ன கேட்கிறாள் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. அது அவளுடைய நேரம், அதில் மூக்கை நுழைக்கக் கூடாது என்று இருந்துவிட்டார்.

இப்படியே போய்க்கொண்டிருந்த காலத்தில் அவள் ஒருநாள் ஹெட்ஃபோனைக் கழற்றிவிட்டு, "வலது பக்கம் கொறையுது" என்றாள்.

"என்னது?"

"ஆம்ப்ளிஃபயர்ல வலது சேனல் எறங்குது. வயசாயிடுச்சுல்ல."

மூடியைக் கழற்றினாள். குமிழ்களுக்குள் அழுக்குப் போக்குகிற மருந்து அடித்து இப்படியும் அப்படியும் திருப்பினாள். சரியாகவில்லை என்றாள். ஹெட்ஃபோன் துளையைப் பிரித்துச் சுத்தம் செய்தாள். அடுத்த வாரம் பற்றவைக்கும் கோலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். முன்னறை முழுக்க ஈயப் புகை. ஒரு மணப்பெண்ணின் ரவிக்கையில் அந்த வாசனை ஏறிவிட்டதென்று தையல்காரர் அதை மாடியில் காயப்போட்டார். சாயங்காலமானால் கேட்பது போய், பிரிப்பதும் மாட்டுவதுமாக ஆகிவிட்டது. வேலைசெய்கிற கை அவளுடையதுதான்; ஆனால் அந்த முகத்தை அவர் பார்த்ததில்லை. லிஃப்ட்டில் கோளாறு பிடிபடாத நாளில்கூட அவள் வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே திட்டுவாள். இப்போது திட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை.

ஆம்ப்ளிஃபயரைத் தினமும் துடைக்கிறவர் தையல்காரர். துணித் தூசி பறந்து அதன்மேல்தான் படியும் என்பதால் அந்த வேலையைத் தானே ஏற்றுக்கொண்டிருந்தார். அதில் 'பாலன்ஸ்' என்று ஒரு குமிழ் உண்டு. சத்தத்தை இரண்டு பக்கத்துக்கும் பங்கு பிரிக்கிற குமிழ். அதன் வெள்ளைக் கோடு எப்போதும் நேர் மேலே பார்த்திருக்கும். இப்போது துடைக்கிற ஒவ்வொரு தடவையும் அது வலது பக்கம் இன்னும் கொஞ்சம் சாய்ந்திருப்பதைப் பார்த்தார். அவர் அதைத் தொடவில்லை. ஏதோ ரிப்பேர் சம்பந்தப்பட்டது என்று நினைத்துக்கொண்டார்.

ஒரு மத்தியானம் ரேடியோ வந்தான். அவளோடு வேலை செய்கிறவன். ஓட்டலிலிருந்து ஆம்ப்ளிஃபயரை ஒரு பக்கம் தூக்கிவந்தவனும் அவன்தான். வாய் ஓயாமல் பேசுவதால் அந்தப் பேர். அவளை அக்கா என்பான், அதனால் இவர் மாமா. கையில் ஒரு கால்சட்டை. முட்டியில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது.

"இத தைக்க முடியுமா மாமா? இல்ல, பாதியா வெட்டி அரைக்கால் சட்டை ஆக்கிடலாமா?"

"எங்கப்பா போய் விழுந்தே?"

"விழலை மாமா, பாஞ்சேன். உங்க வீட்டம்மா என்னைச் சப்பாத்தி ஆக்கப் பாத்தாங்க." ரேடியோ பெரிதாகச் சிரித்தான். "நான் குழியில இருக்கேன், கூண்டுக்குக் கீழ. அக்கா மேல நின்னு கொஞ்சம் கொஞ்சமா எறக்குறாங்க. போதும், நிறுத்துங்கன்னு கத்துறேன். நிக்கல. மறுபடி கத்துறேன். வந்துகிட்டே இருக்கு. செவுத்துல செவப்பு பட்டன் இருக்குல்ல, அதுமேல போய் விழுந்தேன். அது நின்னுச்சு, கால்சட்டை கிழிஞ்சிது."

தையல்காரரின் கையிலிருந்த சுண்ணாம்புக் கட்டி கீழே விழுந்தது.

"அவ கேக்கலையா?"

"கேட்டுச்சாம். எந்தத் தளத்துலயோ யாரோ லிஃப்ட் வருமான்னு கத்துறாங்கன்னு நெனச்சாங்களாம். கத்துவாங்கதான் மாமா, எல்லா மாடியிலயும் கத்துவாங்க, கதவைத் தட்டுவாங்க. ஆனா அக்காவுக்கு எந்தச் சத்தம் எங்கேருந்து வருதுன்னு எப்பவும் தெரியுமே! அதான் ஆச்சரியம். இன்னொண்ணு, வலது பக்கம் நின்னு பேசினா இப்பல்லாம் பதிலே சொல்றதில்ல. எம்மேல ஏதாவது கோவமா?"

"உங்கூட நாள் முழுக்க இருந்தா எனக்கும் பதில் சொல்லத் தோணாது" என்றார் தையல்காரர். பழக்கத்தில் வாய்தான் அதைச் சொன்னது. ரேடியோ சிரித்துக்கொண்டே போனான்.

கிழிந்த கால்சட்டையை மடியில் வைத்துக்கொண்டு அவர் சற்று நேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்துபோய், இத்தனை வருஷத்தில் முதல் முறையாக, அந்த ஹெட்ஃபோனை எடுத்துத் தன் தலையில் மாட்டினார். அவள் கேட்டு நிறுத்திய இடத்தில் கேசட் இருந்தது. குமிழ் எதையும் தொடாமல் கேசட்டை மட்டும் ஓடவிட்டார்.

வலது காதில் ஓங்கி அறைந்த மாதிரி சத்தம் வந்து விழுந்தது. அலறிக்கொண்டு அந்தப் பக்கத்தைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்தார். இடது பக்கம் ஏதோ அடுத்த வீட்டில் வாசிக்கிற மாதிரி மெல்லமாகக் கேட்டது. ஆம்ப்ளிஃபயரின் வலது பக்கத்துக்கு ஒரு கேடும் இல்லை. அது தன்னால் முடிந்த மட்டும் கத்திக்கொண்டிருந்தது. இதைப் போட்டுக்கொண்டுதான் அவள் தினமும் உட்கார்ந்து, வலது பக்கம் குறைகிறது, குறைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்படியானால் குறைவது அவள் காது. காது போனால் போகட்டும், அவளுக்குக் கேட்காததைத் தான் கத்திச் சொல்லிக்கொள்ளலாம். அவரைக் கலக்கியது இன்னொன்று. எதையும் மாற்றிப் போட்டுப் பார்க்கிறவள் ஹெட்ஃபோனைத் திருப்பிப் போட்டுக்கொள்ளவில்லையே. வலதை இடது காதில் வைத்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். வாரக்கணக்காக ஈயம் காய்ச்சத் தெரிந்தவளுக்கு அது ஏன் தோன்றவில்லை?

சாயங்காலம் அவள் வந்தாள். பூட்ஸைக் கழற்றினாள். முகம் கழுவிக்கொண்டு வந்து மூடியைத் திறக்க உட்கார்ந்தாள். தையல்காரர் மெஷினை விட்டு எழுந்து வந்து அவளுக்கு இடது பக்கமாகத் தரையில் உட்கார்ந்தார். என்றைக்கும் இல்லாமல் அவர் இப்படி வந்து உட்கார்ந்ததும் அவள் கை நின்றது.

"அந்த ஹெட்ஃபோனைத் திருப்பிப் போட்டுப் பாரேன்" என்றார்.

அவள் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

"பாக்காம இருப்பேனா? மொத நாளே பாத்துட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் மறுபடி நேராப் போட்டுக்கிட்டேன்."

அவளே பேசினாள். பெட்டிக்குள் இருக்கிற வயர்களைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"இதுல கோளாறுன்னா நான் சரிபண்ணிடுவேன்ல. அதான் இதுல தேடிக்கிட்டே இருந்தேன். நல்லா இருக்கற ஜாயிண்ட்டையெல்லாம் பிரிச்சு மறுபடி வெச்சேன். சிரிப்பு வருதா?"

"இல்ல."

"ரேடியோ வந்தானா?"

"கால்சட்டை கொண்டுவந்தான்."

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். ஈயமும் கிரீஸும் ஏறிய கை.

"நான் சொல்லிட்டா கீழ உக்கார வெச்சிருவாங்க. இல்ல வீட்டுக்கு அனுப்பிருவாங்க. கூண்டு மேல நிக்காம நான் என்னங்க? லிஃப்ட்டக்கான்னு யாரைக் கூப்பிடுவாங்க?"

சொல்லாதே என்று சொல்லிவிட அவருக்கு ஆசையாக இருந்தது. அவள் சொல்லாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஓய்வு பெற இன்னும் கொஞ்ச வருஷம்தான். ஆனால் மெஷின் மேஜையில் அந்தக் கால்சட்டை கிடந்தது. அவருக்கு அதுதான் கண்ணில் பட்டது. அவளும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. அவர் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கு அவர் செய்த நல்ல காரியம் அது ஒன்றுதான் என்று பின்னாளில் மகளிடம் சொன்னார்.

மறுநாள் நடந்ததை ரேடியோதான் வந்து சொன்னான். காலையில் எல்லா மெக்கானிக்குகளும் சாவியும் வேலைச் சீட்டும் வாங்கக் கூடுகிற அறை. மேற்பார்வையாளர் பேர் வாசித்துக்கொண்டிருந்தார். அவள் தன் பேர் வருவதற்கு முன்பே எழுந்து நின்றாளாம்.

"எனக்கு வலது காது போயிருச்சு. சத்தம் எங்கேருந்து வருதுன்னு தெரியல. ரொம்ப நாளாவே தெரியும், மறைச்சுட்டேன். முந்தாநாள் இவனைக் கொன்னுருப்பேன்." அவ்வளவுதான் சொன்னாளாம்.

மேற்பார்வையாளர் நல்ல மனிதர். அவளைத் தனியே அழைத்து, எல்லார் முன்னாடியும் ஏன் சொல்ல வேண்டும், தன்னிடம் சொல்லியிருந்தால் ஓசைப்படாமல் ஏதாவது ஏற்பாடு செய்திருப்பேனே என்றாராம்.

"ஓசைப்படாம செஞ்சா, நான் கூண்டு மேல இல்லைங்கறது குழியில எறங்கறவனுக்கு எப்படித் தெரியும்? யார் மேல நிக்கறாங்கன்னு அவங்களுக்குத் தெரிஞ்சாகணும் சார்" என்றாளாம். பிறகு, மேலே ரேடியோ நிற்கட்டும், குழிக்கு நான் இறங்குகிறேன், குழியில் இருக்கிறவருக்குக் கத்தத் தெரிந்தால் போதும், அது எனக்கு வரும் என்றாளாம்.

குழி என்பது எண்ணெயும் தண்ணீரும் தேங்கிக் கிடக்கிற இடம். எலி செத்துக் கிடக்கும். ஜூனியர்களைத்தான் அங்கே இறக்குவார்கள். அத்தனை பேரில் சீனியர் அவள்.

இதைச் சொல்லும்போது ரேடியோ நடுநடுவே நிறுத்தினான். பேச்சு வராமல் நிற்கிற ரேடியோவைத் தையல்காரர் அன்றுதான் பார்த்தார். "எனக்கு மேல நிக்க பயமா இருக்கு மாமா" என்றான். "அடியில அக்கா இருக்காங்கன்னு நெனச்சாலே கை பட்டனுக்குப் போக மாட்டேங்குது. அவங்களுக்கு அடியில நான் இருந்தப்போ அவங்களுக்கு இப்படித்தான் இருந்திருக்கும், இத்தனை வருஷமா." தைத்த கால்சட்டையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

காது டாக்டரிடமும் போய் வந்தார்கள். வலது பக்கம் நரம்பு பட்டுப்போயிற்று, இனித் திரும்பாது என்றார் அவர். இடது பக்கம் திடமாக இருந்தது. அவள் எழுந்து நின்று, சரி என்றாள். மாத்திரையில் சரியாகாதா, கருவி வைத்தால் ஆகாதா என்று தையல்காரர்தான் கேள்விமேல் கேள்வி கேட்டு டாக்டரைக் களைப்படைய வைத்தார்.

அந்த வாரக் கடைசியில் அவள் ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கடைசித் திருகுவரை இறுக்கி மூடினாள். பாலன்ஸ் குமிழை நிமிர்த்தி நடுவில் வைத்தாள். பிறகு ஓரத்தில் இருந்த, 'மோனோ' என்று எழுதிய ஒரு சின்னப் பட்டனை அழுத்தினாள். இந்தக் காலத்துப் பெட்டிகளில் அநேகமாக அது இருப்பதில்லை. இரண்டு பக்கத்துச் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து இரண்டு காதுக்கும் அனுப்புகிற பட்டன். ஒரு காது இல்லாதவருக்கும் அத்தனை வாத்தியமும் அந்த ஒரு காதிலேயே வந்துவிடும். அவள் ஹெட்ஃபோனைப் போட்டுக்கொண்டு கண்ணை மூடினாள். தையல்காரர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கேசட்டின் ஒரு பக்கம் முடிகிறவரை அவள் அசையவில்லை.

கழற்றியதும், "எல்லாம் இருக்கா?" என்று கேட்டார். இடது பக்கம் போய் நின்றுதான் கேட்டார்.

"எல்லாம் இருக்கு. ஒண்ணும் கொறையல." அவள் வயரின் சுருளை விரலில் சுற்றினாள். "ஆனா எல்லாரும் ஒரே எடத்துல நிக்கறாங்க. ஒருத்தர் மேல ஒருத்தர் ஏறி நிக்கற மாதிரி இருக்கு. முன்னெல்லாம் அவங்கவங்க எடத்துல நிப்பாங்க. அத நான் இனிமே பாக்க மாட்டேன்ல."

சொல்லும்போது கண்ணில் நீர் வந்துவிட்டது. டாக்டர் சொன்னபோது வராதது, எல்லார் முன்னாலும் எழுந்து நின்றபோது வராதது, இப்போது வந்தது. அவள் அதைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை. தையல்காரர் அந்த ஹெட்ஃபோனை அவள் கையிலிருந்து எடுத்தார்.

"நான் கேட்டுச் சொல்லட்டுமா?"

"நீங்களா? உங்களுக்கு என்ன தெரியும்?"

"தோளுக்கும் தோளுக்கும் எத்தனை அங்குலம்னு பாத்த உடனே சொல்றவன் நான். யாரு எங்க நிக்கறான்னு சொல்ல மாட்டேனா?"

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கேசட்டைத் திரும்பச் சுற்றினாள். மோனோ பட்டனை விடுவித்தாள். சத்தத்தை அவருக்குத் தகுந்தபடி குறைத்து வைத்தாள். அவர் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அவளைப்போலவே கண்ணை மூடினார். வழி தவறி வேறு யார் வீட்டுக்குள்ளோ போய்விட்டவர் மாதிரி இருந்தது முகம்.

"டிரம் நடுவுல" என்றார், தேவைக்கு அதிகமாகக் கத்தி. "நடுவுல, கொஞ்சம் பின்னாடி. புல்லாங்குழல் இடது பக்கம். வயலின்... வயலினும் இடது பக்கம்தான் இருக்கு."

அவள் ஹெட்ஃபோன் போட்டிருக்கவில்லை. ஸ்பீக்கரும் ஓடவில்லை. அந்த அறையில் அவளுக்குக் கேட்டிருக்கக்கூடியது அவர் குரல் ஒன்றுதான். அவள் அவர் தோளைத் தட்டி, தலையை ஆட்டினாள். கண்ணைத் திறந்து அவள் உதடு அசைவதைப் பார்த்ததும் அவர் ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தைக் காதிலிருந்து விலக்கினார்.

"இடது பக்கம் வாசிக்கறது வேற ஆளு. அவரு கொஞ்ச நேரத்துல நிறுத்திருவாரு. எனக்குப் பிடிச்ச வயலின்காரரு இன்னும் ஆரம்பிக்கல. வலது பக்கம், நல்லா ஓரமா, செவுத்துல சாஞ்சுகிட்டு நிக்கறாரு. கேளுங்க, இப்ப வருவாரு."

அவர் அதைத் திரும்பக் காதில் வைத்துக்கொண்டார். இடது பக்கத்து வயலின் நின்றது. சற்று இடைவெளி. பிறகு வலது பக்கம், அவள் சொன்ன அதே ஓரத்திலிருந்து, இன்னொரு வயலின் வாசிக்க ஆரம்பித்தது.